ரத்த வகை: அட்டையில் ஓர் எழுத்து, உடலில் இரண்டு

கண்ணாடித் தகட்டின் மேல் மூன்று சொட்டு ரத்தம் வைக்கப்படுகிறது. முதல் சொட்டில் நீல நிறத் திரவத்தையும், இரண்டாவதில் மஞ்சள் நிறத் திரவத்தையும், மூன்றாவதில் நிறமற்ற திரவத்தையும் ஒவ்வொரு துளியாக விட்டு, சிறு குச்சியால் கலக்கி, தகட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால் ஓரிரு நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். சொட்டு மணல் மணலாகத் திரண்டுவிட்டால், அந்தத் திரவம் தேடிய பொருள் சிவப்பணுக்களின் மேல் இருக்கிறது என்று பொருள். திரளாமல் ஒரே சீரான சிவப்பாகவே நின்றுவிட்டால் அது இல்லை. நீலத்தில் திரண்டு, மஞ்சளில் திரளாமல், நிறமற்றதில் மீண்டும் திரண்டால் அட்டையில் ‘ஏ பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இந்தச் சோதனை சிவப்பணுவின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. அந்த மேற்பரப்பு எந்த மரபணுக்களால் அமைந்தது, அவற்றுள் எது வெளிப்பட்டிருக்கிறது, எது வெளிப்படாமல் ஒளிந்திருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. தந்தையும் தாயும் ஏ பாசிட்டிவாக இருக்கும்போது குழந்தைக்கு ஓ நெகட்டிவ் வருவது எப்படி என்ற கேள்வி பல குடும்பங்களில் உரக்கக் கேட்கப்படாமல் மனத்துக்குள்ளேயே கிடப்பதற்கு இதுவே காரணம். அப்படி ஒரு குழந்தை பிறப்பதில் விதிமீறல் எதுவும் இல்லை. எல்லாம் விதிப்படியே நடந்தாலும் அது நிகழும், எவ்வளவு அடிக்கடி நிகழும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்குக்குப் போகுமுன், ரத்த வகை என்று நாம் அழைப்பது உண்மையில் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த குட்டையான சங்கிலிகள் லட்சக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய எல்லா மனிதர்களிடமும் இந்தச் சங்கிலியின் அடிப்படை வடிவம் ஒன்றுதான். அதற்கு எச் ஆன்டிஜென் என்று பெயர். உடலின் எதிர்ப்பு ஆற்றல் அடையாளம் காணக்கூடிய பொருளே ஆன்டிஜென். இந்த எச் சங்கிலியின் நுனியில் இன்னொரு சர்க்கரையை ஒட்டவைக்கும் நொதி ஒன்றை உருவாக்குவதற்கான செய்முறைதான் 9ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏபிஓ மரபணு. அந்த மரபணுவின் ஒரு வடிவம் உருவாக்கும் நொதி, என்-அசிட்டைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரையை ஒட்டுகிறது. அப்போது சங்கிலி ஏ ஆன்டிஜெனாகிறது. இன்னொரு வடிவம் உருவாக்கும் நொதி கேலக்டோஸை ஒட்டுகிறது. அது பி ஆன்டிஜென். மூன்றாவது வடிவம் வேலை செய்யாத நொதியைத் தருகிறது. எச் சங்கிலியில் எதுவும் ஒட்டப்படாமல் அது அப்படியே நிற்கிறது. அதைத்தான் ஓ என்கிறோம். ஆகவே ஓ என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஒரு வெற்றிடத்தின் பெயர்.

1990இல் ஃபுமிஇச்சிரோ யமமோட்டோவும் அவருடைய குழுவினரும் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தபோது இந்த வேறுபாடுகள் எவ்வளவு சிறியவை என்பது தெரிந்தது. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் இடையில் நான்கே நான்கு அமினோ அமிலங்கள் மட்டுமே மாறியிருந்தன. பெரும்பாலான ஓ வடிவங்களிலோ, மரபணுவின் எழுத்து வரிசையில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. மரபணு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், ஓர் எழுத்து விடுபட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் பெயர்ந்து பொருளற்றுப் போகிறது. நொதி பாதியிலேயே முடிந்துவிடுகிறது. உலகில் கோடிக்கணக்கானவர்களின் ரத்த வகையைத் தீர்மானிப்பது விடுபட்ட அந்த ஓர் எழுத்து.

ஒரே மரபணுவின் இத்தகைய மாற்று வடிவங்களை அல்லீல்கள் என்பர். ஒவ்வொருவரிடமும் 9ஆம் குரோமோசோம் இரண்டு உண்டு, ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவை. எனவே ஒவ்வொருவரிடமும் ஏபிஓ அல்லீல்கள் இரண்டு இருக்கின்றன. ஏ, பி, ஓ ஆகிய மூன்றிலிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு சேர்க்கைகள் கிடைக்கும்: ஏ-ஏ, ஏ-ஓ, பி-பி, பி-ஓ, ஏ-பி, ஓ-ஓ. ஆனால் சோதனைத் தகட்டில் தெரிவதோ நான்கு வகைகள்தாம். ஏ-ஓ சேர்க்கை உடையவரிடம் ஒரு நொதி வேலை செய்கிறது, மற்றது வேலை செய்வதில்லை. செய்கிற ஒன்றே ஏ ஆன்டிஜெனைப் போதுமான அளவு உருவாக்கிவிடுவதால் அவர் ஏ-ஏ உடையவரைப் போலவே தோன்றுகிறார். ஏ ஓங்கு பண்பு, ஓ ஒடுங்கு பண்பு என்று பாடநூல்கள் சொல்வதன் உட்பொருள் இவ்வளவே. ஓ அல்லீலை ஏ அல்லீல் அடக்கி வைப்பதில்லை. ஓ அல்லீலுக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஏ-பி சேர்க்கையில் இரண்டு நொதிகளும் தத்தம் வேலையைச் செய்வதால் இரண்டு ஆன்டிஜென்களும் தெரிகின்றன. இதை இணை ஓங்குத்தன்மை என்பார்கள்.

குழந்தைக்குச் செல்வது பெற்றோரின் ரத்தமன்று, ரத்த வகையும் அன்று. ஒவ்வொருவரின் இரண்டு அல்லீல்களில் ஏதேனும் ஒன்று. எது போகும் என்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஏபி வகைத் தாயையும் ஓ வகைத் தந்தையையும் எடுத்துக்கொள்வோம். தாய் ஏ அல்லது பி கொடுப்பார். தந்தையிடம் கொடுக்க ஓவைத் தவிர வேறில்லை. பிறக்கும் குழந்தைகள் பாதி வாய்ப்பில் ஏ-ஓ, பாதி வாய்ப்பில் பி-ஓ. அதாவது இந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தாலும் ஒன்றுக்குக்கூடத் தாயின் வகையோ தந்தையின் வகையோ வராது. ‘அப்பாவின் ரத்தம்தான் பிள்ளைக்கு’ என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. இதற்கு மறுகோடியில் ஏ-ஓ தாயும் பி-ஓ தந்தையும் இருக்கிறார்கள். அவர்களின் குழந்தைகள் ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

இன்று ஒரு பக்கத்தில் சொல்லிவிட முடிகிற இந்த விதியைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தில் மூன்று வகைகள் இருப்பதை 1901இல் வெளியிட்டார். ஏபி என்ற நான்காவது வகையை அடுத்த ஆண்டே அவருடன் பணியாற்றியவர்கள் கண்டறிந்தனர். இவை பரம்பரையாக வருபவை என்பதை 1910இல் காட்டியவர்கள் எமில் ஃபான் டுங்கர்னும் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 72 குடும்பங்களைச் சேர்ந்த 348 பேரின் ரத்தத்தை அவர்கள் சோதித்தார்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏயோ பியோ பிள்ளையிடம் திடீரென்று தோன்றுவதில்லை என்பது அதில் தெளிவாயிற்று. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம் தவறாகிப்போனது. ஏ உண்டா இல்லையா என்பதை ஒரு மரபணு இணையும், பி உண்டா இல்லையா என்பதை முற்றிலும் தனியான இன்னொரு மரபணு இணையும் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கருதினார்கள்.

அந்தப் பிழையைத் திருத்தியவர் மருத்துவர் அல்லர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன். முதல் உலகப் போரின் முடிவில் ஹிர்ஷ்ஃபெல்டும் அவருடைய மனைவி ஹன்னாவும் மாசிடோனியப் போர்முனையில் கூடியிருந்த பல நாட்டுப் படைவீரர்களையும் மக்களையும் சேர்த்து 8,000க்கும் மேற்பட்டவர்களின் ரத்த வகையைப் பதிவு செய்து 1919இல் வெளியிட்டிருந்தார்கள். அதுபோன்ற எண்களை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடத் தொடாமல், 1924இல் பெர்ன்ஸ்டைன் விடையை எட்டினார். அவருடைய வழியைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சமூகத்தை வைத்துக்கொள்ளலாம். அங்கே 100 பேரில் 36 பேர் ஓ, 45 பேர் ஏ, 13 பேர் பி, 6 பேர் ஏபி. இரண்டு தனித்தனி மரபணுக்கள் என்ற கருத்து சரியானால், ஏ ஆன்டிஜென் உடையவர்கள் 51 பேர், பி ஆன்டிஜென் உடையவர்கள் 19 பேர். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் இரண்டையும் உடையவர்கள் 51இல் 19 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10 பேர் இருக்க வேண்டும். இருப்பதோ 6 பேர். எந்தச் சமூகத்தை எடுத்தாலும் ஏபி வகையினர் இப்படி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தார்கள்.

இப்போது ஒரே இடத்தில் மூன்று அல்லீல்கள் என்று வைத்துப் பாருங்கள். ஓ வகையினர் எல்லாரும் ஓ-ஓ. இரண்டு முறையும் ஓ விழுந்தால்தான் அவர்கள் உருவாவார்கள் என்பதால், 0.36இன் வர்க்கமூலமான 0.6தான் ஓ அல்லீலின் பங்கு. ஓவையும் பியையும் சேர்த்தால் 49 பேர், இவர்கள் ஏ அல்லீல் அறவே இல்லாதவர்கள், 0.49இன் வர்க்கமூலம் 0.7, ஆகவே ஏ அல்லீலின் பங்கு எஞ்சிய 0.3. ஓவையும் ஏயையும் சேர்த்தால் 81 பேர், வர்க்கமூலம் 0.9, பி அல்லீலின் பங்கு 0.1. மூன்றையும் கூட்டினால் சரியாக ஒன்று. ஏபி வகையினரின் எண்ணிக்கையைத் தொடாமலேயே கணக்கு மூடுகிறது. பிறகு அதைச் சோதித்தால் 0.3, 0.1 ஆகியவற்றின் பெருக்கலை இருமடங்காக்கக் கிடைப்பது 0.06, அதாவது அந்த 6 பேர். நான் எளிமைக்காக முழு எண்களாக வரும்படி அமைத்த எடுத்துக்காட்டு இது என்றாலும், உண்மையான பதிவுகளிலும் கூட்டுத்தொகை ஒன்றை ஒட்டியே நின்றது. மரபியல் வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான நிரூபணங்கள் அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

அதே எண்களில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. அந்த 45 ஏ வகையினரில் 36 பேர் ஏ-ஓ. 9 பேர் மட்டுமே ஏ-ஏ. 13 பி வகையினரில் 12 பேர் பி-ஓ. அப்படியானால் அட்டையில் ஏ அல்லது பி என்று எழுதியிருந்தும் உள்ளே ஓ அல்லீலைச் சுமப்பவர்கள் 48 பேர். வெளிப்படையாக ஓ வகையினர் 36 பேர். நூற்றுக்கு 84 பேரிடம் ஓ அல்லீல் இருக்கிறது. ஒடுங்கு பண்பு என்றால் அரிது, தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒடுங்குவது தோற்றத்தில்தான். அல்லீல் எங்கும் போய்விடுவதில்லை; அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அதற்கும் மற்றவற்றுக்குச் சமமான வாய்ப்பே உண்டு.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது வேறு மரபணுவின் கதை. 1ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்எச்டி என்ற மரபணு, டி என்ற புரதத்தைச் சிவப்பணுவின் மேல் அமைக்கிறது. அது இருந்தால் பாசிட்டிவ். நெகட்டிவ் உடையவர்களில் மிகப் பலரிடம் அந்த மரபணு முழுவதுமே இரண்டு குரோமோசோம்களிலும் இல்லாமல் போயிருக்கிறது. ஒரே ஒரு டி இருந்தாலும் பாசிட்டிவாகத் தெரியும் என்பதால், பாசிட்டிவ் அட்டைக்கு அடியிலும் ஓர் இன்மை ஒளிந்திருக்கலாம். ஏபிஓவும் ஆர்எச்சும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் இரண்டும் தனித்தனியாகப் பங்கிடப்படுகின்றன. முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இப்போது எளிது. பெற்றோர் இருவரும் ஏ-ஓ என்றால் குழந்தை ஓ-ஓ ஆக நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரும் ஒரு டி மட்டுமே உடையவர்கள் என்றால் குழந்தை நெகட்டிவாக நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டும் ஒருசேர நிகழ 16இல் ஒரு வாய்ப்பு. ஏ பாசிட்டிவ் பெற்றோருக்கு ஓ நெகட்டிவ் குழந்தை பிறப்பது அபூர்வமே அன்று.

ஆர்எச் வகையின் பரம்பரை மருத்துவத்தில் கூடுதல் கவனம் பெறுவதற்குக் காரணம் உண்டு. ஏ, பி ஆன்டிஜென்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது அவற்றைத் தாக்க உடல் உருவாக்கும் புரதங்கள், எதிர் வகை ரத்தத்தை ஒருபோதும் சந்தித்திராதவர்களிடமும் பிறந்த சில மாதங்களுக்குள் தாமாகவே தோன்றிவிடுகின்றன. அவை மரபணு வழியாக வருபவை அல்ல, குடலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மேலிருக்கும் ஒத்த சர்க்கரைகளே அவற்றைத் தூண்டுகின்றன என்று கருதப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி நச்சுக்கொடியைக் கடக்காத அளவுக்குப் பெரியவை. டி ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி அப்படியன்று. நெகட்டிவ் தாயின் உடலுக்குள், பெரும்பாலும் பிரசவத்தின்போது, பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்கள் நுழைந்தால்தான் அது உருவாகிறது. அதனால் முதல் குழந்தை பொதுவாகத் தப்பிவிடும். ஆனால் அடுத்த கருவும் பாசிட்டிவாக இருந்தால் அந்த ஆன்டிபாடி நச்சுக்கொடியைக் கடந்து சென்று அதன் சிவப்பணுக்களை அழிக்கும். தந்தையிடம் டி இரண்டு இருந்தால் எல்லாக் குழந்தைகளும் பாசிட்டிவ். ஒன்றே இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1968 முதல் புழக்கத்துக்கு வந்த ஆன்டி-டி ஊசியைப் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட்டால் தாயின் உடல் அந்த ஆன்டிபாடியை உருவாக்கப் பழகாமல் தடுத்துவிடலாம்.

பரம்பரை விதி உறுதியானவுடன் அது நீதிமன்றத்துக்குச் சென்றதில் வியப்பில்லை. நடிகர் சார்லி சாப்ளின் மீது அமெரிக்காவில் நடந்த தந்தைமை வழக்கு பெரிதும் பேசப்பட்டது. தாய் ஏ வகை, குழந்தை பி வகை, சாப்ளின் ஓ வகை. தாயிடம் பி இல்லை என்பதால் குழந்தையின் பி அல்லீல் தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஓ-ஓ உடையவரால் அதைக் கொடுக்க முடியாது. அறிவியல் இவ்வளவு தெளிவாக விலக்கியும், ரத்தச் சோதனையை இறுதிச் சான்றாக ஏற்கும் சட்டம் அன்று கலிஃபோர்னியாவில் இல்லாததால், 1945இல் நடுவர் குழு அவரையே தந்தை என்று தீர்மானித்தது. அந்த மாநிலம் சட்டத்தை மாற்றிக்கொண்டது 1953இல்தான். இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, ரத்த வகை விலக்க மட்டுமே வல்லது என்பது. சாப்ளின் பி வகையாக இருந்திருந்தாலும் அவர்தான் தந்தை என்று அது நிரூபித்திருக்காது. பி அல்லீல் உடையவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இன்று அந்த வேலையை டிஎன்ஏ சோதனை எடுத்துக்கொண்டுவிட்டது.

விலக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஏபி வகைப் பெற்றோருக்கு ஓ வகைக் குழந்தை பிறக்காது என்பதும், ஓ-ஓ பெற்றோருக்கு ஏயோ பியோ பிறக்காது என்பதும் விதி. அதற்கு மாறாக ஓர் அட்டை தென்பட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது அட்டையைத்தான்: சோதனையிலோ எழுதியதிலோ தவறு நேர்ந்திருக்கலாம். சோதனை சரியாகவே இருந்தாலும் உண்மையான விதிவிலக்குகள் சில உள்ளன. அவற்றில் புகழ்பெற்றது 1952இல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்து, அந்த நகரின் பெயராலேயே அறியப்படும் பம்பாய் ரத்த வகை. எச் சங்கிலியை உருவாக்கும் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களிடம் எச் சங்கிலியே இல்லை. ஏ நொதியும் பி நொதியும் இருந்தாலும் சர்க்கரையை ஒட்ட இடமில்லை. தகட்டில் அவர்களின் ரத்தம் நீலத்திலும் மஞ்சளிலும் திரளாது, எனவே ஓ என்று எழுதப்படும். அப்படி ஒரு தாயிடம் பி-ஓ அல்லீல்கள் ஒளிந்திருந்து, தந்தை வழக்கமான ஓ வகையாக இருந்தால், தாயின் பி அல்லீலும் தந்தையின் பழுதற்ற எச் மரபணுவும் குழந்தையிடம் சந்தித்துக்கொள்ளலாம்; அப்போது இரண்டு ‘ஓ’ அட்டைகளுக்கு ஒரு பி குழந்தை பிறக்கும். பம்பாய் வகையினர் ஓ வகை ரத்தத்தையும் பெற முடியாது. அந்த ரத்தத்தில் நிறைந்திருக்கும் எச் அவர்களின் உடலுக்கு அந்நியப் பொருள். தங்களைப் போன்ற இன்னொரு பம்பாய் வகையினரின் ரத்தமே அவர்களுக்குப் பொருந்தும்.

சிஸ்-ஏபி என்ற இன்னொரு விதிவிலக்கில் ஒரே அல்லீல் உருவாக்கும் நொதி இரண்டு சர்க்கரைகளையும் ஒட்டவல்லதாக இருக்கிறது. அத்தகையவர் மற்ற குரோமோசோமில் ஓவைச் சுமந்தால், ஏபி அட்டையோடு ஓ வகைக் குழந்தையைப் பெற முடியும். கருவிலேயே இரட்டையரின் ரத்தச் செல்கள் கலந்துவிட்டதால் ஒரே உடலில் இரு வகைச் சிவப்பணுக்களோடு வாழ்பவர்களும் உண்டு. அப்படி ஒருவர் 1953இல் இங்கிலாந்தில் ரத்த தானம் செய்தபோது கண்டறியப்பட்டார்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர்களின் நிலை இவை எல்லாவற்றையும்விட விந்தையானது. ஏ வகையினர் ஒருவருக்கு ஓ வகையினரின் மஜ்ஜை பொருத்தப்பட்டால், சில மாதங்களில் அவருடைய உடலில் ஓடுவது கொடையாளியின் மஜ்ஜை உருவாக்கும் ஓ சிவப்பணுக்களாகவே மாறிவிடும். அட்டையையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஆனால் கருமுட்டையும் விந்தணுவும் மஜ்ஜையில் உருவாவதில்லை. சிகிச்சைக்குப் பின் அவருக்குக் குழந்தை பிறந்தால், அதற்குப் போவது அவர் பிறக்கும்போது பெற்ற அந்த இரண்டு எழுத்துகளில் ஒன்றுதான். கொடையாளியிடமிருந்து எதுவும் போவதில்லை.